எங்கள் வீட்டு மணி

“நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை” என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். இப்பழமொழியை முதலில் சொன்னவர் நாய் வளர்த்தவராக இருந்திருக்க மாட்டார் என்பது எங்கள் துணிபு. எங்களோடு பத்தாண்டுகள் வாழ்ந்த மணிக்கு வேலை ஏராளம். காலையில் பால்காரரின் சைக்கிளைத் தெருக்கோடி வரை துரத்திக்கொண்டுபோய் விட்டு வருவது முதல் வேலை. பகலில், உலர்த்திய துணிகளுள் நல்லதாகப் பார்த்து ஒன்றைக் கீழே இழுத்துப் போட்டு, அதன்மேல் படுத்து உறங்குவது இரண்டாவது. மாலையில் பந்தாடும் பிள்ளைகளிடமிருந்து பந்தைப் பறித்துக் குரோட்டன்ஸ் செடிகளுக்கிடையே புதைப்பது மூன்றாவது. இரவில் எந்தச் சத்தமும் கேளாதபோது, ‘ஏன் கேட்கவில்லை?’ என்று குரைப்பது நான்காவது. இத்தனையையும் நாள் தவறாமல் செய்துவந்த ஜீவனுக்கு நிற்க நேரம் எங்கிருந்து வரும்?

நாங்கள் ரயில்வேக் குடும்பத்தார். எங்கள் தகப்பனார் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து 1978ஆம் ஆண்டில் கரக்பூருக்கு வந்தவர். சரக்கு வண்டிகளில் கார்டாகப் பணிபுரிந்து 2013இல் ஓய்வு பெற்றார். கார்டு என்ற பழைய பெயர் போய், 2022 ஜனவரி முதல் அப்பதவிக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர். பெயர் மாறினாலும் தகப்பனார் எங்களுக்குக் கார்டுதான். பிள்ளைகள் மூவர். மூத்தவள் அக்காள், கடைக்குட்டி தம்பி, நடுவிலுள்ளவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வே எழுத்தராகி, இன்று டாடாநகரில் கோப்புகளோடு காலம் தள்ளுகிறார். பேனா பிடிப்பது அவர் பிழைப்பாகையால் இதை எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஆனால் மணி தனியொருவருக்குச் சொந்தமாயிருந்ததில்லை. ஆதலால் இங்கே பேசுவது நாங்கள் எல்லோருமே.

கரக்பூரை அறிந்த அன்பர்கள் நம் வாசகரிடையே பலர் இருப்பர். பழைய பி.என்.ஆர். கம்பெனி நாள் முதல் தெலுங்கரும் தமிழரும் வங்காளிகளும் பீகாரிகளும் வந்து கலந்து குடியேறிய ஊர் அது. பணிமனைச் சங்கு ஊதினால் வீட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வோம். வேலிக்கு வேலி ஒட்டினாற்போல் வரிசையாகக் குடியிருப்புகள். ஆயினும் மணி வருவதற்கு முன்னர் எங்களுக்கு அக்கம்பக்கத்தாரோடு பழக்கம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. தகப்பனார் பாதி நாள் வண்டியில் இருப்பார். தாயாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை நாவில் வராது. வெள்ளிக்கிழமை கோயில், மாதம் ஒருமுறை சங்கக் கூட்டம், ஆண்டு விடுமுறையில் மெயில் வண்டியேறி ஊருக்குப் போய் வருதல்; இவ்வளவே எங்கள் உலகம். அடுத்த வீட்டு வங்காள அம்மையாரை ஏழாண்டுகளாக வேலிக்கு மேலே பார்த்து வந்தோம். தலையசைப்புக்கு மேல் ஒரு வார்த்தை நடந்ததில்லை.

2003ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வந்தான். புத்தகங்கள் கையில் இருந்தன. பை மட்டும் நனையாமல் சட்டைக்குள் இருந்தது. பையைத் திறந்தபோது உள்ளே ஒரு பிடி அளவு செம்பழுப்பு நாய்க்குட்டி. சிறு பாலத்தின் அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம். தாயார், “ஒரு வேளைச் சோறு போடுவேன், விடிந்ததும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கிண்ணத்தில் தயிர்ச் சாதத்தைப் பிசைந்து வைத்தார். விடிந்தது. அதற்குள் அந்தக் குட்டி பூஜை மணியைக் கவ்விக்கொண்டு கட்டிலடியில் புகுந்து வீடெங்கும் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. பெயர் வைக்கும் சிரமமும் எங்களுக்கு இல்லாமற்போயிற்று.

மணிக்குக் குலப்பெருமை ஒன்றும் கிடையாது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றுள் நம் ராஜபாளையம் நாயும் ஒன்று. தகப்பனார் பெருமிதத்தோடு அத்தலையை வாங்கி வந்து, “பாரடா, உன் ஊர்க்காரன் தபால்தலையில் ஏறிவிட்டான். நீ என்ன சாதித்தாய்?” என்று மணியிடம் காட்டினார். மணி அதை முகர்ந்து பார்த்தது, பிறகு தின்றுவிட்டது.

ஆனால் அதனிடம் ஒரு வித்தை இருந்தது. அதற்குத் தமிழ் மட்டுமே தெரியும். சோறு போட்டவர் தாயார். அவர் பேசியது தமிழ். ஆகவே, வா, போ, உட்கார், வேண்டாம், சாப்பிடு என்னும் ஐந்து சொற்களுக்கே அது காது கொடுக்கும். நாங்கள் பிள்ளைகள் தெருவில் வங்காளியும், பள்ளியில் ஹிந்தியும், எங்களுக்குள் இரண்டையும் கலந்தும் பேசிப் பழகிவிட்டோம். வீட்டுக்குள் தமிழில் பேசுங்கள் என்று தாயார் ஓயாமல் சொல்லியும் கேட்டதில்லை. அவரால் முடியாததை மணி முடித்தது. அதை அழைக்க வேண்டுமானால் தமிழ். அதட்ட வேண்டுமானால் தமிழ். ஒளித்துவைத்த பந்தைத் திருப்பிக் கேட்க வேண்டுமானால் கெஞ்சும் தமிழ். ஹிந்தியில் “இதர் ஆவோ” என்றால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும்.

மணியின் முதல் பகைவர் கால்பாய். ரயில்வேயில் இல்லாத அன்பர்களுக்காக இதைச் சிறிது விளக்க வேண்டும். கார்டு, டிரைவர் முதலியோருக்கு வண்டி எந்நேரமும் அமையலாம். புறப்படுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு முன்பு, கால்பாய் என்னும் ஊழியர் கால் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போவார். பெயர்தான் பாய், எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நடுநிசியில் அவர் சைக்கிள் மணி கேட்டால் தகப்பனார் எழுந்து போய்விடுவார். திரும்பி வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். இந்தக் காரண காரியத்தை மணி எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. திருடன் வந்தாலும் குரைக்காமல் இருக்கக்கூடிய அந்த நாய், கால்பாயைக் கண்டால் மட்டும் சிங்கமாகிவிடும்.

ஒருநாள் பின்னிரவில் அவர் புத்தகத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். திரும்பிப் பார்த்தால் புத்தகம் இல்லை. மணியும் இல்லை. கையெழுத்து இல்லாமல் கால்பாய் போக முடியாது. புத்தகத்தில் அடுத்து எழுப்பவேண்டிய இரண்டு கார்டுகளின் பெயர்கள் வேறு இருந்தன. அரிக்கன் விளக்கும் டார்ச்சுமாக நாங்கள் ஐவரும் தோட்டத்தைச் சல்லடை போட்டுச் சலித்தோம். சத்தம் கேட்டு, வரிசையிலிருந்த வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் கம்போடு வந்தார்; பின்வீட்டுப் பீகாரிப் பெரியவர் லோட்டாவோடு வந்தார். விஷயம் இன்னதென்று தெரிந்ததும் அனைவரும் தேடலாயினர். முடிவில் துளசி மாடத்தின் பின்னால், புத்தகத்தின்மேல் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு மணி படுத்திருந்தது. தகப்பனாரைப் பார்த்ததும் அது வாலை ஆட்டிய விதம், ‘இனி நீங்கள் போகவேண்டியதில்லை, ஏற்பாடு செய்துவிட்டேன்’ என்று சொல்வதைப்போல் இருந்தது. தகப்பனார் ஒன்றும் பேசாமல் அதன் தலையை ஒருமுறை தடவிவிட்டு, பல் பதிந்த அந்தப் பக்கத்திலேயே கையெழுத்திட்டுக் கிளம்பினார். மறுவாரத்திலிருந்து கால்பாய் சட்டைப் பையில் இரண்டு பிஸ்கோத்து வைத்துக்கொண்டு வரலானார். அன்றிரவு விளக்கோடு வந்தவர்கள் அதன்பின் எங்களை வழியில் கண்டால், “புத்தகம் பத்திரமா?” என்று கேட்டுச் சிரிக்காமல் போனதில்லை.

அடுத்த வீட்டு அம்மையாரோடு பழக்கம் உண்டானது அதனினும் பெரிய குற்றத்தால். வங்காளிகள் ஜ்யேஷ்ட மாதத்து வளர்பிறைச் சஷ்டியன்று மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைப்பார்கள். ஜாமாய் ஷஷ்டி என்று பெயர். அன்று மீன் இல்லாமல் விருந்து இல்லை. அதிலும் இலீஷ் மீனுக்கு அன்று சொன்னதே விலை. 2006இல் அந்த அம்மையார் மாப்பிள்ளைக்காக ஒரு முழு இலீஷை வாங்கிக் கழுவி, கிணற்றடியில் தட்டில் வைத்துவிட்டு மஞ்சள் எடுக்க உள்ளே போனார். தயிர்ச் சாதத்திலேயே வளர்ந்து, மீன் என்பதைக் கண்ணாலும் கண்டறியாத எங்கள் மணி, வேலியின் கீழே தான் தோண்டியிருந்த வழியே அங்கே போயிருந்தது. “ஓ மா! சோர்! சோர்!” என்று கூக்குரல் கேட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, தலையும் வாலுமாகப் பாதி மீன் எங்கள் வீட்டுத் துளசி மாடத்தடியில் கிடந்தது. தாயாருக்கு உயிரே போய்விட்டது. மீன் நுழையாத வீட்டில், அதுவும் துளசியருகே!

தாயார் நாணத்தால் நடுங்கிப்போனார். ஆயினும் தகப்பனார் ஊரில் இல்லாமையால் அவரே போகவேண்டியதாயிற்று. அக்காளை மொழிபெயர்ப்பாளராக அழைத்துக்கொண்டு, கையில் மீனுக்குரிய பணத்தோடு முதன்முதலாக அந்த வாசலை மிதித்தார். அம்மையார் பணத்தைத் தொடவில்லை. தாயாரின் கலங்கிய கண்களையும், பின்னால் ஒன்றுமறியாததுபோல் வந்து நின்று வாயை நக்கிக்கொண்டிருந்த மணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தாயாரும் சிரித்துவிட்டார். அன்று மாப்பிள்ளைக்கு முட்டைக் குழம்பும், எங்கள் வீட்டிலிருந்து போன பால் பாயசமுமாக விருந்து நடந்தேறியது. அன்று முதல் அவர் எங்களுக்கு ‘மாசிமா’ ஆனார்.

அதன்பிறகு வேலியடி வழியை யாரும் அடைக்கவில்லை. மணி காலையில் இங்கே தயிர்ச் சாதமும் நடுப்பகலில் அங்கே மீன் முள்ளும் உண்டு, இருவீட்டுப் பிள்ளையாயிற்று. மாசிமா அதை “ஆய், ஆய்” என்று அழைப்பார். வங்காளியில் அதற்கு ‘வா’ என்று பொருள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அச்சொல் எப்பொருளைத் தரும் என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. நாங்கள் சிரித்து உருள்வோம், மணியோ அசையாது. கடைசியில் மாசிமாவே தோற்று, “மொணி, வா!” என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார். அதைக் கற்பித்த கூலிக்குத் தாயார் வங்காளியில் நாற்பது ஐம்பது சொற்களைப் பெற்றார். இரண்டு ஆண்டுகளில் அவ்விருவரும் பிற்பகல் முழுவதும் வேலிக்கு இருபுறமும் உட்கார்ந்து எம்மொழியிலும் சேராத ஒரு மொழியில் பேசிக்கொண்டிருந்தனர்.

இந்த உறவுக்கும் ஒரு சோதனை வந்தது. 2009ஆம் ஆண்டு கோடையில் மாசிமாவின் பேரன், நான்கு வயதுக் குழந்தை, மணி தின்றுகொண்டிருக்கையில் அதன் வாலைப் பிடித்து இழுத்தான். மணி திரும்பிக் கையைக் கவ்விவிட்டது. மூன்று பற்குறிகள், இரத்தமும் வந்தது. குழந்தையை உடனே குழாயடிக்குத் தூக்கிச் சென்று, சோப்பும் ஓடும் நீருமாகக் கால்மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நம் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையத்தைப் பற்றியும், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள் போடுவதைப் பற்றியும் சிறுவயதில் கேட்டிருந்த தாயார் நடுநடுங்கினார். அந்தப் பழைய மருந்து அதற்கு முன்பே நம் நாட்டில் கைவிடப்பட்டுவிட்டது என்றும், இப்போது கையில் போடும் சில ஊசிகளே போதுமென்றும் டாக்டர் தேற்றினார். மணிக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட சீட்டைத் தகப்பனார் வேலைப் பத்திரங்களோடு பத்திரமாக வைத்திருந்தார். அதைக் காட்டினோம். ஆயினும் நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும் என்பது விதி. வெறி உள்ள நாயானால் அதற்குள் தெரிந்துவிடும்.

குழந்தையின் தகப்பனார், அதாவது மீனை இழந்த அதே மாப்பிள்ளை, சினத்தோடு வந்தார். நாயை அப்புறப்படுத்தாவிட்டால் மேலிடத்தில் எழுதுவேன் என்றார். அவர் சினம் நியாயமானதே; பெற்ற வயிறு பதறாமல் இருக்குமா? எங்கள் தகப்பனார், “பத்து நாள் பொறுங்கள். பிறகு நீங்கள் சொல்வதே தீர்ப்பு” என்றார். மாசிமா அப்போது வாயே திறக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்றார். கட்டிக்கிடந்த மணியிடம் “சாப்பிடு” என்றார். அது கிண்ணத்தைக் காலியாக்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாளும் வந்தார். மூன்றாம் நாளும் வந்தார். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரரும் கால்பாயும் அவ்வழியே போகும்போதெல்லாம், “தண்ணீர் குடிக்கிறதா?” என்று விசாரித்தனர். மணி தண்ணீர் குடிக்கும் ஒலி அந்தப் பத்து நாளும் எங்களுக்கு நாதஸ்வரமாய் இனித்தது.

பதினோராம் நாள் மாசிமா தம் மாப்பிள்ளையையும் பேரனையும் உடன் அழைத்து வந்தார். “நாய் நன்றாயிருக்கிறது, குழந்தையும் நன்றாயிருக்கிறான். சாப்பிடுகிறவன் வாலை இழுத்தால் நானும் கடிப்பேன். இனி இந்தப் பேச்சு வேண்டாம்” என்றார். பேரன் தூர நின்று மெல்ல, “மொணி, உட்கார்” என்றான். மணி உட்கார்ந்தது. மாப்பிள்ளை சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தமிழ் நாய்க்குத் தமிழில் சொன்னால்தான் புரியும் போலும்” என்று சொல்லிப் போய்விட்டார்.

2013இல் தகப்பனார் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் நான்கு மாதங்களே வழக்கமான வாடகையில் குடியிருப்பை வைத்துக்கொள்ளலாம். அக்காள் மணமாகிப் போயிருந்தாள். தம்பி சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். எழுத்தர் டாடாநகரில் நண்பரோடு ஓர் அறையில் இருந்தார். பெற்றோர் கிராமத்துக்குத் திரும்புவதென்று தீர்மானமாயிற்று. மணியை என்ன செய்வது?

ரயிலில் நாயைக் கொண்டுபோக வழியுண்டு. முதல் வகுப்பில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுமையாகத் தம் பெயரில் ஒதுக்கிக்கொண்டவர், நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்ற வகுப்புகளில் செல்வோர் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, பிரேக் வானில் உள்ள நாய்ப்பெட்டியில் ஏற்ற வேண்டும். வழியில் சோறும் தண்ணீரும் கொடுப்பது உடையவர் பொறுப்பு. கூபே முழுவதையும் ஒதுக்க எங்களுக்கு வசதியில்லை. எஞ்சியது பெட்டி. சென்னைக்கே 1500 கிலோமீட்டருக்கு மேல், ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும், அதற்கப்பால் கும்பகோணம். மணிக்கு வயது பத்து. பின்னங்கால்களில் வாதம் கண்டிருந்தது. “முப்பத்தைந்து வருஷம் பிரேக் வானில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அந்த ஆட்டத்திலும் வெக்கையிலும் இந்தக் கிழவனை ஏற்ற மாட்டேன்” என்றார் தகப்பனார். அவர் குரல் தழுதழுத்ததை நாங்கள் முதன்முறையாக அன்றுதான் கேட்டோம்.

மாசிமாவே வந்து வழி சொன்னார்: “என் மாப்பிள்ளை மீனைத் தின்ற நாள்முதல் பாதி நாய் என்னுடையதுதானே? மற்றப் பாதியையும் விட்டுவிட்டுப் போங்கள்.”

புறப்படும் நாளில் தகப்பனாரின் தோல் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. மணி வாசற்படியில் ஒன்றுமறியாத சாதுவைப்போல் படுத்திருந்தது. எங்கும் தேடினோம், நேரமாகிவிட்டது. தம்பியின் பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, மீதியிருந்த ஒற்றைச் செருப்பை மாசிமாவிடம் நீட்டி, “இது தனியாக எனக்கு எதற்கு? இதையும் அதற்கே கொடுத்துவிடுங்கள்” என்றார் தகப்பனார். கரக்பூர் நடைமேடை 1072 மீட்டர் நீளம். 2013 வரை உலகத்திலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. கோரக்பூரும் ஹூப்பள்ளியும் பின்னர் அதை முந்திவிட்டன. அன்று அதன் ஒரு கோடியிலிருந்து எங்கள் பெட்டி நின்ற இடம் வரை, அளவு சேராத அந்தச் செருப்பைப் படபடவென்று அடித்துக்கொண்டு தகப்பனார் நடந்தார். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

காணாமற்போன செருப்பு சிறு பாலத்தடியில் அகப்பட்டதென்று நான்காம் நாள் மாசிமா தொலைபேசியில் தெரிவித்தார். மணி இரண்டு செருப்புகளையும் சேர்த்துத் தலைக்கு வைத்தே உறங்குகிறதாம். ஞாயிறுதோறும் மாசிமா தொலைபேசியை அதன் காதருகே வைப்பார். இங்கிருந்து தாயார், “சாப்பிடு மணி” என்பார். அப்பால் கிண்ணத்தை நக்கும் ஓசை கேட்கும். இப்படி இரண்டாண்டுகள் நடந்தன. 2015ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஒருநாள் உறக்கத்திலேயே அது போய்ச் சேர்ந்தது. வேலியருகே புதைத்து, மேலே ஒரு செம்பருத்தியை நட்டிருப்பதாகவும், செருப்புகளையும் கூடவே வைத்துவிட்டதாகவும் மாசிமா சொன்னார்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நாம், நம்மால் எவருக்கும் தொந்தரவு நேரக்கூடாதென்று ஒதுங்கியே வாழ்கிறோம். அது நல்ல குணமே. ஆனால் தொந்தரவே தராதவன் வாசலுக்கு யாரும் வருவதுமில்லை. அவன் யார் வாசலுக்கும் போவதுமில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் அவ்வூரில் அடக்கமாய் வாழ்ந்தும் எங்களுக்குக் கிட்டாத உறவு, ஒரு மீன் களவில் கிட்டியது. உங்கள் வீட்டிலும் இத்தகைய போக்கிரி ஒன்று இருக்குமானால் அதை மிகவும் கோபிக்காதீர்கள். ஆண்டு தவறாமல் தடுப்பூசியை மட்டும் போட்டுவிடுங்கள்.

மாசிமாவுக்கு இப்போது எண்பது வயது கடந்துவிட்டது. இன்றும் பண்டிகை நாள்களில் தொலைபேசியில் கூப்பிடுகிறார். எங்கள் பிள்ளைகள் அவரோடு வங்காளியிலும் ஹிந்தியிலும் பேசத் தொடங்குவார்கள். அவரோ விடாமல், மணிக்காகக் கற்றுக்கொண்ட தமிழிலேயே, “வா, உட்கார், சாப்பிடு” என்று எங்களை விருந்துக்கு அழைக்கிறார்.